மழையை நம்பி விற்ற நாற்காலிகள்

"அறுபது நாற்காலி போட்ட வகுப்புக்கு எத்தனை பேரைச் சேர்க்கலாம், பெரியம்மா?" என்று போன வாரம் என் தங்கை மகள் தேவி கேட்டாள்.

"அறுபது பேரை" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தாள். தனியார் கல்லூரி ஒன்றின் சேர்க்கைப் பிரிவில் அவள் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். "இத்தன வருஷம் காலேஜ் ஆபீஸ்ல குப்ப கொட்டிட்டு இப்புடிச் சொல்றீங்களே! எங்க மேனேஜர் தொண்ணூறு பேருங்கிறாரு. பீஸையும் இந்த வருஷம் ஏத்துறாங்க. ஏத்துனா பாதியில கொஞ்சப் பேர் கழிஞ்சிருவாங்களாம். எவ்ளோ கழியும்னு உங்ககிட்டக் கேட்டு வரச் சொன்னாரு."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. படிக்க வந்த பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிற பேச்சா இது? தேவி பாவம், அவள் என்ன செய்வாள். சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறாள். அவளுக்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன். கத்தினால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறும் என்று டாக்டர் பயமுறுத்தி வைத்திருக்கிறார். அதனால் எழுதுகிறேன்.

நான் ரங்கூன்காரி. ஊர்ப்பெயர் யாங்கோன் என்று ஆன பிறகும் எங்கள் வீட்டுக்குள் அது ரங்கூன்தான். அப்பாவுக்கு முனிசிபாலிட்டியில் தண்ணீர்க் குழாய் வேலை. வீட்டில் நான் மீனாட்சி; ஆபீசில் பர்மியப் பெயரில் டோ மியா. பட்டம் வாங்கி, சர்க்கார் கல்லூரி ஒன்றில் கிளார்க்காகச் சேர்ந்து, டைப் அடித்து, ஃபைல் கட்டி, மேலே இருந்தவர்களிடம் ஏச்சு வாங்கி நான் ஆளான கதை எல்லா கிளார்க்கின் கதையும்தான். அதில் புதிதாக ஒன்றுமில்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் வகுப்பில் எத்தனை பேர் என்பதை நாங்கள் முடிவு செய்யவில்லை. பள்ளியின் கடைசி வகுப்பான பத்தாம் வகுப்பு மார்க்கைப் பார்த்து மேலிடம் முடிவு செய்து அனுப்பும். கட்டணம் ஒரு நல்ல லுங்கியின் விலைகூட வராது. அந்த ஏற்பாட்டிலும் ஆயிரம் ஓட்டை உண்டு. ஆனால் சேர்த்த பிள்ளைக்கு உட்கார ஒரு பெஞ்சு இருந்தது.

எண்பத்தெட்டில் மாணவர் போராட்டத்துக்குப் பயந்து கல்லூரிக் கதவை மூடினார்கள். பிறகு திறந்தார்கள், மறுபடி மூடினார்கள். தொண்ணூற்றாறு கடைசியில் மூடியது, மூன்று வருஷத்துக்கு மேல் திறக்கவேயில்லை. பிள்ளைகள் இல்லாத கல்லூரிக்குத் தினமும் போய்க் கையெழுத்துப் போட்டு, மேசையைத் துடைத்து, வீட்டுக்கு வருவோம். சம்பளம் மட்டும் ஒழுங்காக வந்தது. வெளியே பத்தாவது தேறிய பிள்ளைகள் வருஷத்துக்கு வருஷம் சேர்ந்துகொண்டே போனார்கள். கடைசியில் திறந்தபோது, அத்தனை பேரையும் தள்ளிவிட வேண்டுமே என்று ஒரு வருஷப் படிப்பை நாலைந்து மாதத்தில் முடித்தார்கள். கல்லூரிகளையும் ஊருக்கு வெளியே, ஆற்றுக்கு அப்பால் கொண்டுபோய் வைத்தார்கள். நான் வேலையை விட்டேன்.

சர்க்கார் பட்டத்தின் மேல் ஜனங்களுக்கு நம்பிக்கை போன அந்த நேரத்தில்தான் ஊரெங்கும் தனியார் கல்லூரிகள் முளைத்தன. கணக்கியல், கம்ப்யூட்டர், வியாபார நிர்வாகம். படிப்பை முடித்தால் வெளிநாட்டுப் பரீட்சை ஒன்றை எழுதலாம். தேறினால் கம்பெனியில் வேலை, அதிர்ஷ்டமிருந்தால் சிங்கப்பூர். கீழ்ப் பன்சோடான் தெருப் பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் மூன்று மாடிகளில் இருந்த அப்படிப்பட்ட கல்லூரி ஒன்றில் எனக்கு ஆபீஸ் சூப்பரண்ட் வேலை கிடைத்தது. பெயர் வேண்டாம். இன்றைக்கும் நடக்கிறது.

அதை நடத்தியவர் ஓய்வு பெற்ற கணித ஆசிரியர். பர்மாவில் வாத்தியாரை சயா, வாத்தியாரம்மாவை சயாமா, பெரிய வாத்தியாரை சயாஜி என்பார்கள். நாங்களும் அவரை அப்படித்தான் அழைத்தோம். அவரைப் போல ஒரு நாகரிகமான மனிதரை நான் பார்த்ததில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குரலை உயர்த்த மாட்டார். யார் வந்தாலும் எழுந்து நின்று, பச்சைத் தேநீரைத் தானே ஊற்றிக் கொடுப்பார். கழுத்துவரை பட்டன் போட்ட வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. மழை வந்தால் ஜன்னலைத் திறந்து, உள்ளங்கையை வெளியே நீட்டி, நனைந்த கையைப் பார்த்துச் சிரிப்பார். ரசனையுள்ள மனிதர் என்று நினைத்தேன். அவர் ரசித்தது என்ன என்று ஒரு மாதத்தில் தெரிந்தது.

எங்கள் பெரிய வகுப்பில் நூறு நாற்காலிகள். எழுதுவதற்குக் கை வைத்த நாற்காலி, முதுகில் வெள்ளைப் பெயின்டில் எண். நான் சேர்ந்த வருஷம் அந்த வகுப்புக்கு நூற்றைம்பது பேரிடம் பணம் வாங்கியிருந்தார்கள். யாரோ தப்புக் கணக்குப் போட்டுவிட்டார்கள் என்று பதறிப்போய் அவரிடம் ஓடினேன்.

"உக்காருங்க, டோ மியா" என்றார். நாங்கள் பேசுவது பர்மிய மொழியில். அதை இங்கே தமிழில் தருகிறேன். "காலேஜ் ஜூன்ல தொறக்குது. ஜூன்ல என்ன வரும்?"

"மழை வரும், சயாஜி."

"மழை வந்தா ஆத்துக்கு அந்தப் பக்கத்துப் புள்ளைங்க என்ன ஆவாங்க? தன்லியின்ல இருந்து பஸ் நேரத்துக்கு வராது. கியாக்தான் ரோட்டுல தண்ணி நிக்கும். இந்தப் பக்கம் மிங்கலாடோன்ல இருந்து வர்றவங்களும் நனைஞ்சுக்கிட்டு எத்தன நாள் வருவாங்க? ஜூலைல காய்ச்சல். ஜூலைக் கடைசில ரெண்டாம் தவணை பீஸ். அதுவும் கொஞ்சம் ஏறியிருக்கும். தடின்ஜுட் விளக்குப் பண்டிகை வரும்போது பாருங்க, நூறு பேர்தான் இருப்பாங்க." தேநீரை என் பக்கம் நகர்த்தினார். "வகுப்புங்கிறது ஜூன்ல இருக்குறது இல்ல. மழை விட்டப்புறம் இருக்குறது."

"அப்ப விட்டுப் போனவங்க கட்டின காசு?"

"திருப்பித் தர்றதில்லைன்னு ரசீதுலயே போட்டிருக்கே."

இதுதான் அவருடைய மழைக்கணக்கு. மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளை, அவர்கள் படிக்க முடியாமல் போவார்கள் என்று தெரிந்தே, அதற்காகவே சேர்ப்பது. விளம்பரத் தாள்களைக் கூட ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான் அதிகம் கொடுத்தனுப்புவார். நான் நினைத்தேன், கடைக்கோடியில் இருக்கிற பிள்ளைகளுக்கும் படிப்பு போய்ச் சேரட்டும் என்று செய்கிறார் என்று! அங்கிருந்து வருகிறவர்கள்தான் சீக்கிரம் விழுவார்கள் என்பதற்காகச் செய்தார். கட்டணமும் அதே கணக்குதான். இரண்டாம் தவணை ஏறுவதற்கு டீசல் விலை, மீசெட் ஓடுகிற செலவு என்று ஏதாவது காரணம் போர்டில் ஒட்டப்படும். மீசெட் என்றால் கரண்ட் போகும்போது ஓட்டுகிற ஜெனரேட்டர். ரங்கூனில் கரண்ட் போகாத நாள் ஏது? ஆனால் ஏற்றின காசை வைத்துச் செலவை ஈடுகட்டுவது பாதி நோக்கம்தான். வகுப்பைச் சுருக்குவது மீதி நோக்கம்.

ஆஜர் எடுக்கிற முறையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்த அநியாயம் அதில்தான் தொங்குகிறது. பர்மாவில் குடும்பப் பெயர் கிடையாது. ஒரே வகுப்பில் நாலு கின் கின் வின் இருப்பார்கள். அதனால் பெயர் கூப்பிடுவதில்லை. பணம் கட்டிய வரிசையில் நாற்காலி எண் கொடுப்போம். பியூன் ஊ டுன் பாட நேரத்தில் பின்பக்கமாக நடந்து, காலியாக இருக்கிற நாற்காலிகளின் எண்ணைக் குறித்துக்கொண்டு வருவார். காலி நாற்காலி என்றால் ஆப்சென்ட். நூற்றுக்கு மேல் சேர்ந்தவர்களுக்கு எண் கிடையாது. "நாற்காலி செஞ்சுக்கிட்டிருக்காங்க, கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லி அவர்களைக் காத்திருப்பில் வைப்போம். மழையில் முதலில் இருந்தவர்கள் கழன்றதும் காத்திருப்பவர்கள் உட்காருவார்கள். முக்கால் பங்கு ஆஜர் இல்லாதவரைக் கல்லூரி பரீட்சைக்கு அனுப்பாது. காத்திருப்பில் இருக்கிற நாள் ஆஜரில் சேராது. இத்தனை வருஷமும் இது பெரிய சண்டை ஆகாமல் ஓடியதற்குக் காரணம், மழை சயாஜியை ஒரு தடவையும் கைவிட்டதில்லை.

பிறகு நர்கிஸ் புயல் வந்தது.

இரண்டாயிரத்தெட்டு, மே மாதம். அந்தப் புயலைப் பற்றி நான் எழுதித் தெரிய வேண்டியதில்லை. டெல்டாவே அழிந்தது. ரங்கூனுக்குள்ளேயே பெரிய பெரிய மரங்கள் வேரோடு தெருவில் கிடந்தன. கல்லூரி மாடியில் தகரம் பறந்துபோய், நானும் ஊ டுன்னும் வாளியால் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தோம். சயாஜி கால்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு வந்தார். அவரை லுங்கி இல்லாமல் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"கியாக்தான் பக்கம் எத்தன புள்ளைங்க சேர்ந்திருக்காங்க?"

"பதினாலு, சயாஜி. தன்லியின் ஆத்தோரம் இன்னும் கொஞ்சப் பேர். எல்லாரும் ஏப்ரல்லயே கட்டிட்டாங்க. முன்வரிசை எண் எல்லாம் அவங்களோடதுதான்."

அவர் கண் கலங்கியது. "பாவம். என்ன ஆனாங்களோ" என்றார். அன்று மாலையே தன் வீட்டிலிருந்து மூன்று மூட்டை அரிசியை நிவாரண லாரியில் ஏற்றி அனுப்பினார். நான் பார்த்தேன். அது நடிப்பில்லை. அரிசி அனுப்பி முடித்துவிட்டு, என் மேசைக்கு வந்து அதே கலங்கிய குரலில் சொன்னார்: "அந்த நாற்காலிங்க எல்லாம் இனிமே காலிதான். சும்மா விட்டுராதீங்க, டோ மியா. புது பீஸ்ல ஆள் சேத்துருங்க."

அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் இருந்திருக்காது. கெட்டவனைத் திட்டிவிட்டுப் போய்விடலாம். ஒரே மனிதர் ஒரே நாளில் அரிசியும் அனுப்பினார், அந்தப் பிள்ளைகளின் இடத்தையும் விற்றார். இரண்டுக்கும் நடுவில் அவருக்கு ஒரு நெருடலும் இல்லை. "உசுரோட இருக்காங்களான்னு விசாரிச்சிட்டாவது விக்கலாமே, சயாஜி" என்று கேட்டேன். "விசாரிச்சு வர்றதுக்குள்ள ஜூன் வந்துரும்" என்றார். புது ஆட்கள் வந்தார்கள். புது கட்டணம் பழையதைவிடக் கணிசமாக அதிகம்.

கல்லூரி திறந்த அன்று காலை மாடிப்படியில் சத்தம். எட்டிப் பார்த்தேன். கியாக்தான் பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். அத்தனை பேரும்.

அவர் போட்ட கணக்கில் இது இல்லை. வீடு நின்றிருந்தால் அந்தப் பிள்ளைகள் மழைக்குப் பயந்து வீட்டில் இருந்திருப்பார்கள். கூரையே போன பிறகு, "இங்க இருந்து என்ன பண்ணப்போற, டவுன்ல போய் படி" என்று தாய் தகப்பன் அனுப்பிவிட்டார்கள். சிலர் ரங்கூன் கோயில் மண்டபத்தில் தங்கினார்கள், சிலர் சொந்தக்காரர் வீட்டில். யார் யாரோ கொடுத்த உடுப்பு, அளவில்லாத செருப்பு. கையில் மட்டும் ஏப்ரல் மாத ரசீது, தண்ணீரில் ஊறிக் காய்ந்து மொறமொறவென்று.

அவர்களில் ஒரு பெண் வள்ளி. பத்தொன்பது வயது. அவள் அப்பா மாரிமுத்து, கியாக்தானில் ஆற்று நடுவே இருக்கிற புத்தர் கோயிலுக்கு ஜனங்களைப் படகில் ஏற்றிச் செல்பவர். சொந்தப் படகு புயலோடு போய்விட்டது. இப்போது அடுத்தவன் படகில் கூலிக்குத் துடுப்புப் போடுகிறார். வள்ளி தன்லியினில் சித்தி வீட்டில் தங்கி, பஸ்ஸில் வந்தாள். ரசீதில் அவள் எண் ஏழு. வகுப்புக்குள் போய்ப் பார்த்தால் ஏழாம் நாற்காலியில் வேறொரு பையன் உட்கார்ந்திருக்கிறான். அவன் மேலும் தப்பில்லை, அவனும் காசு கட்டியவன்.

ஆபீசில் என் ஜன்னலுக்கு வந்தாள். "சயாமா, ஏழாம் நம்பர் எனக்குத்தானே குடுத்தீங்க?"

"கொஞ்ச நாள் பொறும்மா. நாற்காலி வரும்" என்றேன். அப்படிச் சொல்லத்தான் எனக்கு உத்தரவு.

நாற்காலி வரவில்லை. யாரும் கழன்று போகவுமில்லை. அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்தது. ஆனால் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் ஒரு நாள்கூடத் தவறவில்லை. போகிற இடம் அவர்களுக்கு வேறு இல்லை. பின்சுவர் ஓரமாக நிற்பார்கள். தரையில் உட்காரலாம் என்றால் நூறு குடையிலிருந்து வடிகிற தண்ணீர் முழுக்க அங்கேதான் தேங்கும். சிலருக்கு நாற்காலிக்காரர்கள் இரக்கப்பட்டு ஒரு ஓரம் இடம் விட்டார்கள். வள்ளி யாரிடமும் கேட்க மாட்டாள். ஜன்னல் கட்டையில் நோட்டை வைத்து, நின்றபடியே எழுதுவாள். ஜன்னலுக்குக் கீழேதான் மீசெட் உறுமும். கரண்ட் போனால் அவள் காதில் பாடம் விழாது. கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொள்வாள். இரண்டாம் தவணை கேட்டபோது அவர்களிடமும் கேட்டோம். ஏறின கட்டணம்தான், நிற்பவர்களுக்கு என்று தள்ளுபடி கிடையாது. மாரிமுத்து எங்கெங்கோ புரட்டிக் கட்டினார்.

ஊ டுன் தினமும் போல நடந்து காலி நாற்காலிகளைக் குறித்தார். நிற்கிறவர்களைக் குறிக்க அவர் அட்டையில் இடமில்லை. ஒரு நாள் அவரே என்னிடம் வந்து, "டோ மியா, அந்தப் பொண்ணு தெனமும் என்னையப் பாக்குது. நானும் அதப் பாக்குறேன். ஆனா வந்திருக்குன்னு எங்க எழுதுறது?" என்று கேட்டார்.

தடின்ஜுட்டுக்கு முன்னால் பரீட்சைக்குப் பெயர் அனுப்புகிற வேலை வந்தது. காத்திருப்பில் இருந்த எல்லாரும் ஆஜர் குறைவு என்று கழிக்கப்பட்டிருந்தார்கள். வள்ளிக்கு ஆஜரே இல்லை. மழைக்காலம் முழுவதும் என் கண்ணெதிரே படியேறிப் போனவள், எங்கள் கணக்கில் ஒரு நாள்கூட வரவில்லை. நான் நேராக சயாஜி அறைக்குப் போனேன். அவர் எழுந்து தேநீர் ஊற்றினார். நான் தொடவில்லை.

"இவங்க எல்லாரும் தெனம் வந்தாங்க, சயாஜி. நான் பாத்தேன். நீங்களும் பாத்தீங்க."

"ஆஜர்னா என்ன, டோ மியா?"

"வந்திருக்கிறது."

"இல்ல. தன் இடத்துல இருக்கிறது. எடம் இல்லாதவங்க எப்புடி இடத்துல இருக்க முடியும்?" ஏதோ தேற்றம் நிரூபிக்கிற மாதிரி, அவ்வளவு பொறுமையாகச் சொன்னார்.

"அந்த எடத்த வித்தது நாம!"

"சத்தம் போடாதீங்க. பரீட்சை நடத்துறவங்க நமக்குக் குடுத்தது நூறு இடம். நூத்தி ஓராவது பேர நான் எங்க அனுப்புறது?"

"பின்ன ஏன் நூத்தம்பது பேருகிட்ட வாங்கினீங்க?"

"எல்லாரும் வருவாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

"வந்தது அவங்க தப்பா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். மழை விட்டிருந்தது. "இந்த வருஷம் மழை நம்மள ஏமாத்திருச்சு" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார்! வேலையை அன்றே தூக்கி எறிந்திருக்க வேண்டும் என்று படிப்பவர்கள் சொல்லலாம். எறிந்திருந்தால் அந்தப் பிள்ளைகளுக்காகக் கத்துவதற்கு அந்தக் கட்டடத்தில் ஒரு வாய்கூட இருந்திருக்காது.

தடின்ஜுட் சமயத்தில் மாணவர்கள் ஆசிரியர்களுக்குக் கடோ செய்வது வழக்கம். ஆசிரியர்கள் மேடையில் அமர, பிள்ளைகள் தரையில் மண்டியிட்டு மூன்று முறை குனிந்து கும்பிட்டு, செய்த தவறுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டு, பழமோ துணியோ வைத்துக் கொடுப்பார்கள். புத்தருக்குச் செய்கிற அதே கும்பிடு. இந்த நாட்டில் ஆசிரியரை எதிர்த்து யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள் என்றால், அதற்கு இந்த வழக்கமும் காரணம். தமிழர்களும் இதற்கு விலக்கில்லை. அன்றைக்கு வகுப்பு நாற்காலிகளை எல்லாம் சுவரோரம் அடுக்கிவிட்டு, தரையைத் துடைத்துப் பாய் விரித்திருந்தோம். நூற்றைம்பது பேரும் வரிசையாக மண்டியிட்டிருந்தார்கள். நாற்காலிக்காரர் யார், நின்றவர் யார் என்று அடையாளம் தெரியவில்லை.

எனக்கு நாக்கு நிற்கவில்லை. மேடையின் ஓரத்திலிருந்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டேன்: "சயாஜி, இன்னைக்கு ஒருத்தரும் நாற்காலில இல்ல. எல்லாருக்கும் ஆப்சென்ட் போட்டுரவா?"

ஊ டுன் தலையைக் குனிந்துகொண்டார். பின்வரிசையில் யாரோ ஒரு பெண் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள். சயாஜி என்னைப் பார்த்து அன்பாகப் புன்னகை செய்தார். "கடோ அன்னைக்கு ஆஜர் எடுக்கிறதில்ல, டோ மியா" என்றார். பிறகு கையை உயர்த்தி, பிள்ளைகளுக்கு நீண்ட ஆயுளும் நிறைந்த கல்வியும் உண்டாகட்டும் என்று ஆசி சொன்னார்.

மாரிமுத்து அன்று வந்திருந்தார். இரண்டு தவணைப் பணத்தையும் திருப்பிக் கேட்கப் போவதாக முந்தின நாளே வள்ளி என்னிடம் சொல்லியிருந்தாள். கேட்டால் பக்கத்தில் நின்று நானும் பேசுவது என்று மனசுக்குள் பாடம் பண்ணி வைத்திருந்தேன். எல்லாரும் கலைந்த பிறகு அப்பாவும் மகளும் மேடைக்கு வந்தார்கள். மாரிமுத்து சலவை மடிப்புக் கலையாத லுங்கி கட்டியிருந்தார். ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்தார். மண்டியிட்டு மூன்று முறை குனிந்தார். சயாஜி அவர் தோளைத் தொட்டு, "நல்ல பொண்ணு. நல்லாப் படிக்கிறா" என்றார். மாரிமுத்துவின் கண்ணில் தண்ணீர் வந்தது. எழுந்தார். வாயைத் திறந்தார். "ரொம்ப நன்றி, சயாஜி" என்றார். திரும்பி நடந்தார்.

படிக்கட்டில் ஓடிப்போய்ப் பிடித்தேன். "என்னண்ணே, கேக்க வந்தவரு கும்புட்டுட்டுப் போறீங்க!"

"கும்புட்டப்புறம் எப்புடித் தாயி காசு கேக்குறது? சயாவாச்சே."

"அவரு உங்கள ஏமாத்தியிருக்காரு. தெரியுதா இல்லையா?"

"தெரியுது. படகுக்காரன்தான், முட்டாள் இல்ல." கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டே நின்றார். "எம் பொண்ண நல்லாப் படிக்கிறான்னு சொன்னாரே. அவளப் பாத்திருக்காருல்ல."

பார்த்திருக்கிறார்! அதுதானே அண்ணே அநியாயம் என்று அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. வள்ளி அப்பாவின் குடையை விரித்துக் கொடுத்தாள். அந்த வருஷம் அவள் பரீட்சை எழுதவில்லை.

அடுத்த ஏப்ரலில் மாரிமுத்து மறுபடி வந்தார். மறுபடி அதே படிப்பு, முதலிலிருந்து. கட்டணம் இன்னும் ஏறியிருந்தது. முதல் வருஷம் நின்றவர்களுக்குச் சலுகை தரச் சொல்லி நான் எழுதிக் கொடுத்த குறிப்பை சயாஜி மரியாதையாக வாங்கி, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்திருந்தார். "கட்டாதீங்கண்ணே" என்றேன். "வேற எடம் பாக்கலாம். நான் விசாரிக்கிறேன்."

"தாயி, வேற எடத்துலயும் இதான நடக்கும்? இங்கன்னா நீங்களாச்சும் இருக்கீங்க." மடியிலிருந்து பணத்தை எடுத்தார். "படிப்புக்கு எவ்வளவுன்னு தெரியும். போன வருஷமே கட்டுனேன். நாற்காலியோட சேத்து எவ்வளவுன்னு சொல்லுங்க."

நான் ஜன்னலைச் சாத்தினேன். வேண்டுமென்றேதான் சாத்தினேன். அவர் பக்கத்து ஜன்னலில் போய்க் கட்டிவிட்டார். ரசீது வாங்கியதும் என் ஜன்னலைத் தட்டி, கண்ணாடி வழியே எண்ணைக் காட்டினார். மூன்று.

அந்த வருஷம் வள்ளி உட்கார்ந்து படித்தாள். பரீட்சை எழுதினாள். எங்கள் கல்லூரியிலிருந்து போன எல்லாரிலும் அவள் மார்க்தான் அதிகம். அதில் எனக்கு ஆச்சரியமில்லை. அந்தப் பாடத்தை அவள் இரண்டு தடவை படித்தவள், இரண்டு தடவை காசு கட்டியவள். துறைமுகம் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்ட் கம்பெனியில் கணக்கு வேலை கிடைத்தது. மழைக்கணக்கில் கழிந்துபோன மற்றப் பிள்ளைகள் எங்கே என்று எனக்குத் தெரியாது. கல்லூரிக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள அங்கே யாருக்கும் சம்பளம் கிடையாது.

நான் ஓய்வு பெற்ற வருஷம், புதிய சேர்க்கைக்கான விளம்பரத் தாள் அச்சாகி என் மேசைக்கு வந்தது. மினுமினுப்பான தாள். மேலே வள்ளியின் வண்ணப் படம், பட்டமளிப்பு கவுனோடு. 'கியாக்தானிலிருந்து வந்து சாதித்த மாணவி' என்று கீழே எழுதியிருந்தது. அதற்கும் கீழே புதிய கட்டணம், முந்தின வருஷத்தைவிட அதிகம். கட்டுக் கட்டாகத் தாள்களைத் தன்லியினுக்கும் கியாக்தானுக்கும் அனுப்பச் சொல்லி சயாஜியின் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. நான் அனுப்பவில்லை. கட்டை அப்படியே அவர் மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். எனக்குப் பிறகு வந்தவர் அனுப்பியிருப்பார்.

வள்ளியை அதற்குப் பிறகு பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். "உன் படத்தப் போட்டுக்கிட்டாங்களே, உன்னக் கேட்டாங்களா?" என்றேன்.

"கேட்டாங்க, சயாமா. காலேஜுக்குக் கூப்பிட்டு, நம்ம வகுப்புலதான் போட்டோ எடுத்தாங்க. நான் பின்னாடி ஜன்னல் பக்கம் நின்னேன், இங்கயே எடுங்கன்னு சொன்னேன். சயாஜி வேணாம்னுட்டாரு. தன்னோட பெரிய நாற்காலியவே தூக்கிட்டு வரச் சொல்லி, அதுல உக்காரச் சொன்னாரு."

"ஏனாம்?"

"நின்னுக்கிட்டு எடுத்தா, இந்தக் காலேஜ்ல உக்கார இடமில்லன்னு ஊர்ல நெனச்சிருவாங்களாம்."